குண்டு விழும்போது எலிக்கு என்ன பேர் என்று கேட்டவர்கள்: நெதர்லாந்து, 1940–45

அடவி
திங்கள், இரவு 9.40

சொல் சேகரிப்பு இழையில் பேச்சு எங்கெங்கோ போய்விட்டதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

ஒரு மாதமாக ஒரே ஆளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பேர் பீட்டர் மேர்டன்ஸ். நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஸேலாந்து மாகாணத்தின் மிடில்பர்க் ஊரில் 1899-ல் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் அறிவியல் கழகம் 1930-ல் வட்டார வழக்குகளுக்கென்று ஒரு குழு வைத்தபோது அதற்குச் செயலாளர் ஆனார். 1934-ல் நாட்டார் வழக்காற்றுக்கும் ஒரு குழு வந்தது. அதற்கும் அவரேதான். கேள்விப்படிவம் அச்சடித்து ஊர் ஊராகப் பள்ளிக்கூட வாத்தியார்களுக்கும், விஷயம் தெரிந்த மற்றவர்களுக்கும் தபாலில் அனுப்புவது, திரும்பி வந்ததைப் பெட்டியில் அடுக்குவது. வேலை இவ்வளவுதான்.

1940 மே 10 அன்று ஜெர்மன் படை உள்ளே நுழைகிறது. 14-ம் தேதி ராட்டர்டாம் எரிகிறது. மறுநாள் நாடு சரணடைகிறது, ஸேலாந்தைத் தவிர. அங்கே மட்டும் சண்டை தொடர்ந்தது. 17-ம் தேதி மிடில்பர்க்கின் நடு ஊரே எரிந்து போனது. மாகாண நூலகத்தின் பெரும்பகுதி சாம்பல்.

தன் ஊர் எரிந்த பிறகு இந்த மனிதர் என்ன செய்தார்? முன்பு செய்ததையே செய்தார். 1942-ல் ஊர்க் என்ற மீனவத் தீவைப் பற்றி லூயிஸ் கைசர் என்ற பேச்சொலி ஆய்வாளரோடு சேர்ந்து ஒரு பெரிய நூலைப் பதிப்பித்தார். 1943-ல் முனைவர் பட்டம் வாங்கினார். பொருள்: பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு ஸேலாந்தின் இலக்கிய வாழ்க்கை. அதாவது நூலகம் எரிந்து மூன்று வருடம் கழித்து, அந்த நூலகம் இருந்த மண்ணைப் பற்றியே.

எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. உங்களுக்கு எப்படி?

சுழியம்
திங்கள், இரவு 10.15

எனக்குப் படவில்லை. ஊரில் யூதர்களைக் கொலை முகாமுக்கு ரயிலேற்றிக்கொண்டிருக்கிறார்கள், இவர் எலியை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று தபால் போட்டுக்கொண்டிருக்கிறார். இதில் என்ன பெருமை? சம்பளம் வந்தது, வேலை செய்தார். ஆக்கிரமிப்புக் காலத்தில் தபால்காரரும்தான் வேலைக்குப் போனார். அவரைப் பற்றி யாரும் இழை தொடங்குவதில்லை.

இன்னொன்று. 1940 அக்டோபரில் அரசு ஊழியர் எல்லாரிடமும் 'நான் யூதன் இல்லை' என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மிகச் சிலரைத் தவிர எல்லாரும் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே யூத ஊழியர்களை வேலையைவிட்டு நீக்கினார்கள். படிவம் என்றால் உங்கள் ஆளுடைய கேள்விப்படிவம் மட்டும் இல்லை, அடவி.

நெல்லைக்குறும்பு
திங்கள், இரவு 10.31

சுழியம் வந்தாச்சு, இனிமேல் இழை களைகட்டும்.

டச்சு, வட்டார வழக்கு, போர் மூன்றும் சேர்ந்தால் எனக்குத் தெரிந்த ஒரே கதை ஸ்ஹேவனிங்கன்தான். ஹேக் நகரத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். 1940 மே மாதச் சண்டையில் வேஷம் போட்டு வந்த ஜெர்மன்காரனைக் கண்டுபிடிக்க அந்தப் பேரைச் சொல்லச் சொல்வார்களாம். டச்சுக்காரன் 'ஸ்'-ஐச் சொல்லி, தொண்டையைக் காறுகிற மாதிரி 'ஹ்'-ஐயும் சொல்வான். ஜெர்மன்காரன் வாயில் 'ஷே' என்று வந்துவிடும். மாட்டினான்.

ஏட்டுச்சுவடி
செவ்வாய், காலை 6.05

அந்தக் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது தம்பி. வடக்கே ஃப்ரீஸ்லாந்துக்காரர்களுக்கு அந்த இடத்தில் 'ஸ்க்' வரும். பள்ளிக்கூடத்தை அவர்கள் 'ஸ்கோலே' என்பார்கள். காவலுக்கு நின்றவன் தெற்கத்திக்காரனாக இருந்து, வந்தவன் ஃப்ரீஸ்லாந்துப் பையனாக இருந்தால் அவன் கதி என்ன? இதே ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள் பதினாறாம் நூற்றாண்டில் 'வெண்ணெய், ரொட்டி, பச்சைப் பாலாடைக்கட்டி' என்று தங்கள் மொழியில் சொல்லச் சொல்லி வெளியாளைப் பிடித்ததாகவும் கதை உண்டு. உச்சரிப்பை வைத்து ஆளைப் பிரிப்பது பழைய பழக்கம்.

சுழியத்துக்கு வருகிறேன். முப்பது வருடம் மொழியியல் நடத்தியவள் என்பதால் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தபால்காரரோடு ஒப்பிட்டது சரியில்லை. தபால்காரர் வேலையில் ஆக்கிரமிப்பாளர்களுக்குத் தனி ஆசை எதுவும் இல்லை. நாட்டார் வழக்காறு, வட்டாரப் பேச்சு இரண்டின் மேலும் அவர்களுக்கு மிகுந்த ஆசை இருந்தது. ரத்தம், மண், இனக்குழு என்று பேசுகிறவர்களுக்குக் கிராமத்துப் பேச்சைப் போல ருசியான தீனி கிடையாது.

ஏன் என்று புரிய அதற்கு முந்தைய கதை வேண்டும். 1900 வாக்கில் யான் தெ விங்கல் என்ற பேராசிரியர் டச்சு வட்டார வழக்குகளை வரைபடமாகப் பிரித்தார். ஃப்ரீஸியர், சாக்ஸன், ஃப்ராங்க் என்ற பழங்குடிகளின் பேரில், இடையிடையே கலப்பு வகைகளோடு. ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் எந்தக் கூட்டம் எங்கே குடியேறியதோ, அதன் சுவடுதான் இன்றைய பேச்சு என்பது அதன் அடிப்படை. கேட்கத் தர்க்கமாக இருக்கும். ஆனால் இதை ஒப்புக்கொண்டால் அடுத்த படி என்ன? கிழக்கு நெதர்லாந்துக்காரன் சாக்ஸன், எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவனும் சாக்ஸன், அப்புறம் நடுவில் எல்லை எதற்கு?

இதை உடைத்தவர் க்ளூக்கே. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1887-ல் பிறந்தவர், ஜெர்மனியில் லைப்சிக்கில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஹாம்பர்க் பக்கத்தில் ஃபிங்கன்வெர்டர் என்ற ஊரின் பேச்சுதான் அவருடைய ஆய்வுப் பொருள். ஜெர்மன் வழக்குகளை உள்ளிருந்து அறிந்தவர். 1927-ல் வந்த அவருடைய புத்தகத்தின் நாயகர்கள் இரண்டே இரண்டு சொற்கள்: வீடு, எலி.

மாலையில் எழுதுகிறேன். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும்.

நெல்லைக்குறும்பு
செவ்வாய், காலை 8.50

டீச்சர், சரியான இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டுப் போகிறீர்கள்.

பனைமரக்காடு
செவ்வாய், மதியம் 1.20

வணக்கம். நான் இருக்கிறது மிடில்பர்க்குக்குப் பக்கத்தில்தான். இருபத்தாறு வருடமாக. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முதலில் வடக்கே முகாமில் இருந்து, பிறகு வேலைக்காக இங்கே வந்தேன்.

அடவி அண்ணை 1940-ஐ மட்டும் சொன்னார். இந்தப் பக்கத்தில் வயதானவர்களோடு கதைத்தால் அதைவிட 1944-ஐத்தான் கூடச் சொல்வார்கள். மிடில்பர்க் இருக்கிற வால்ஹரன் அப்போது தீவு. ஒரு கிண்ணம் மாதிரி. ஓரத்தில் மணல்மேடும் அணையும், நடுவில் கடல் மட்டத்துக்குக் கீழே வயல். ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போகிற நீர்வழியை ஜெர்மன் பீரங்கிகளிடமிருந்து பிடிக்க வேண்டும் என்று நேச நாட்டு விமானங்கள் 1944 அக்டோபர் 3 அன்று வெஸ்ட்கபெல்ல ஊர் அணையைக் குண்டு போட்டு உடைத்தன. அந்த ஊரில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட சனங்கள் செத்தார்கள். காப்பாற்ற வந்தவர்கள் போட்ட குண்டு. அடுத்த நாட்களில் இன்னும் சில இடங்களிலும் அணையை உடைத்தார்கள். கடல் உள்ளே வந்து, தினம் இரண்டு தரம் ஏறி இறங்கிக்கொண்டு இருந்தது. ஊரை முழுவதும் காயவைக்க 1946 ஆகிவிட்டது.

உப்புத் தண்ணீரில் மரமெல்லாம் பட்டுப்போனது. சனங்கள் மிடில்பர்க்கின் மேட்டுப் பகுதிக்கும், தீவுக்கு வெளியேயும் போய் ஒதுங்கினார்கள். இங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பேச்சு. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருதரம் மாறும். அப்படிப்பட்ட பத்துப் பதினைந்து ஊர்ச் சனங்களை ஒரே கட்டடத்தில் மாதக்கணக்கில் இருக்க விட்டால் பேச்சு என்னவாகும்? முகாமில் இருந்தவன் என்கிறதால் எனக்கு இந்தக் கேள்வி புரியும்.

ஏட்டுச்சுவடி
செவ்வாய், மாலை 7.30

பனைமரக்காடு, உங்கள் கேள்வியைக் குறித்து வைத்துக்கொள்கிறேன். முதலில் என் கடனை அடைக்கிறேன்.

வீடு என்பதற்கு டச்சில் பழைய உச்சரிப்பு 'ஹூஸ்'. எலிக்கு 'மூஸ்'. இரண்டிலும் ஒரே 'ஊ'. நாட்டின் கிழக்கு ஓரத்தில், க்ரோனிங்கனிலும் லிம்பர்கிலும், இன்னும் அப்படித்தான். அப்புறம் அந்த 'ஊ' பல இடங்களில் இன்னொரு ஒலியாக மாறியது. உதட்டை 'ஊ' சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லிப் பாருங்கள், அதுதான். பிறகு ஹாலந்து நகரங்களில் (ஹாலந்து என்பது இங்கே முழு நாடு இல்லை, ஆம்ஸ்டர்டாம் இருக்கும் மேற்குப் பகுதி மட்டும்) அதுவும் உடைந்து, இன்றைய பொது டச்சில் கேட்கிற ஈருயிர், அதாவது இரண்டு உயிர் சேர்ந்த ஒலி, ஆனது. 'ஹாய்ஸ்', 'மாய்ஸ்' என்று தோராயமாக எழுதலாம்.

ஒரே ஒலி என்றால் இரண்டு சொல்லிலும் ஒரே இடத்தில் எல்லைக்கோடு விழ வேண்டும், இல்லையா? விழவில்லை. நடுவில் ஒரு பட்டையில் மக்கள் வீட்டைப் புது ஒலியிலும் எலியைப் பழைய ஒலியிலும் சொல்கிறார்கள். வீடு என்ற சொல் பத்திரத்திலும் வரியிலும் சந்தையிலும் வருகிறது. ஆம்ஸ்டர்டாம்காரன் வாயிலிருந்து அதைக் கேட்டுப் பழக வாய்ப்பு இருக்கிறது. எலியைப் பற்றி யார் வெளியூர்க்காரனிடம் பேசப் போகிறார்கள்? அது அடுப்படிச் சொல். பழைய ஒலியோடு அங்கேயே தங்கிவிட்டது. 1933-ல் அமெரிக்க மொழியியலாளர் ப்ளூம்ஃபீல்ட் இந்த வரைபடத்தைத் தன் பாடநூலில் எடுத்துப் போட்டார். நான் அதில்தான் முதலில் பார்த்தேன்.

ஆக, க்ளூக்கே கண்ட எல்லைகள் பழங்குடிகள் போட்டவை இல்லை. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஹாலந்து நகரங்களின் பணமும் மதிப்பும் எவ்வளவு தூரம் போயினவோ அவ்வளவு தூரம் போட்ட கோடுகள். ரத்தத்துக்கு அங்கே வேலையே இல்லை. 1927-ல் இது ஒரு துறைச் சண்டை. 1940-க்குப் பிறகு இதே கருத்துக்கு வேறு கனம் வந்துவிட்டது. வெறும் எலிதான், சுழியம்.

சுழியம்
செவ்வாய், இரவு 9.10

எலிக் கதை அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1927-ல் எழுதியதைப் போர்க்கால வீரமாகக் கணக்கு வைக்க முடியாது. போர்க்காலத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி
புதன், காலை 6.20

நியாயமான கேள்வி. லைடனிலிருந்தே தொடங்கலாம்.

1940 நவம்பர் 26. யூதர் என்பதால் மைஜர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் நீக்கப்பட்டிருந்தார். அவருடைய மாணவராக இருந்து சக பேராசிரியரான க்ளெவரிங்கா, அவர் பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் மேடையேறி நீக்கத்தைக் கண்டித்துப் பேசினார். மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுநாள் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. க்ளெவரிங்காவைச் சிறையில் போட்டார்கள். 1942-ல் பேராசிரியர்களில் பெரும்பாலோர் கூட்டாகப் பதவி விலகினார்கள். க்ளூக்கேயின் பெரிய கனவான வட மற்றும் தென் நெதர்லாந்து மொழி வரைபடத் தொகுதி 1939-ல்தான் லைடனிலிருந்து வெளிவரத் தொடங்கியிருந்தது. அது முடிய 1972 ஆனது. அவர் 1963-லேயே இறந்துவிட்டார்.

இதே லைடனில்தான் யான் தெ ஃப்ரீஸும் இருந்தார். பழைய ஜெர்மானியச் சமயம் பற்றி அவர் எழுதியதை இன்றும் படிக்காமல் அந்தத் துறைக்குள் நுழைய முடியாது. நாட்டார் வழக்காற்றிலும் பெரிய கை. மேர்டன்ஸுக்கு அந்த வட்டாரத்தில் தினசரிப் பழக்கமான பேர். ஆக்கிரமிப்பாளர்கள் எழுத்தாளர், கலைஞர் எல்லாரும் உறுப்பினராக வேண்டும் என்று ஒரு பண்பாட்டு அவை வைத்தார்களே, அதன் துணைத் தலைவராக உட்கார்ந்தவர் இவர். 1944 செப்டம்பரில் லைப்சிக்குக்கு ஓடினார். போருக்குப் பிறகு பதவி போனது, சிறையும் கிடைத்தது. கடைசியில் ஸேலாந்தில் ஊஸ்ட்பர்க் என்ற சிற்றூரில் பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்துக்கொண்டே பெரிய பெரிய வேர்ச்சொல் அகராதிகளைத் தொகுத்தார். அவற்றை நானே பயன்படுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு சங்கடம் இருக்கும். மூடிவைக்கவும் முடியாது, அவ்வளவு நல்ல வேலை.

ஆகவே 'சொல் சேகரிப்பவர் அப்பாவி' என்று அடவி நினைத்தால் அதுவும் தப்பு.

பனைமரக்காடு
புதன், காலை 11.45

ஊஸ்ட்பர்க் எங்களுக்கு ஆற்றுவாய்க்கு அந்தப் பக்கம். இப்போது கடலுக்கடியில் சுரங்கப்பாதை இருக்கிறது, காரில் போய்விடலாம். அந்த ஊரும் 1944-ல் சண்டையில் நொறுங்கின ஊர்தான். அங்கே போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தாரா அந்த மனுசன்? ஆர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று யோசிக்கிறேன்.

அடவி
புதன், மதியம் 2.10

டீச்சர், அப்பாவி என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேர்டன்ஸுக்கு ஆபத்து இல்லாமலும் இல்லை. அவர் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பது டச்சு வாழ்க்கைக் குறிப்புகளில் ஒளிவுமறைவில்லாமல் பேசப்படுவதுதான். ஜெர்மானியர் வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1940 ஜூலை 31 அன்று, ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் ஆணை வந்தது. அப்படி ஒருவர் ஐந்து வருடம் அடக்கமாக அலுவலகத்தில் உட்கார்ந்து சீட்டு அடுக்கினால், அதைச் சம்பளத்துக்கு வேலை என்று மட்டும் எனக்குச் சொல்ல வரவில்லை.

இன்னொரு ஆளையும் கொண்டுவருகிறேன். க்ளாஸ் ஹீரோமா, 1909-ல் டெர்ஸ்ஹெல்லிங் தீவில் பிறந்தவர். 1935-ல் லைடனில் ஹாலந்து வட்டார வழக்குகளைப் பற்றி முனைவர் பட்டம். பிறகு அங்கேயே டச்சு மொழிப் பேரகராதியின் ஆசிரியர் குழுவில் வேலை. அந்த அகராதியின் முதல் பகுதி 1864-ல் வந்தது, கடைசித் தொகுதி 1998-ல். பகலில் அகராதி, மற்ற நேரத்தில் கவிதை. கவிதைக்கு முஸ் யாக்கோப்ஸ என்று புனைபெயர். ஆக்கிரமிப்பின்போது எதிர்ப்புக் கவிதைகள் எழுதினார். அந்த அவையில் சேராதவர் எழுதியது திருட்டு அச்சில்தான் வர முடியும். 1945-ல் விடுதலைக்குப் பிறகு தொகுப்பாக வெளிவந்தது. 1949-ல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பேராசிரியர் வேலை. 1953-லிருந்து க்ரோனிங்கனில்.

நெல்லைக்குறும்பு
புதன், மதியம் 2.25

'முஸ்' என்றால் அந்தப் பக்கத்து வழக்கில் எலிதானே? டீச்சர் சொன்ன மூஸ்! எலி ஆராய்ச்சிக்காரரின் மாணவர், பேரும் எலி.

அடவி
புதன், மதியம் 2.40

அது அங்கே ஆண்பிள்ளைகளுக்கு வைக்கிற பேர் ஐயா. ஆனால் நீர் சொன்ன பிறகு இனி என்னால் வேறு மாதிரி வாசிக்க முடியாது.

சுழியம்
புதன், இரவு 11.05

சரி, உங்கள் மூன்று பேரையும் பார்த்தாயிற்று. நான் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அறிவியல் கழகத்தின் தலைமையிடம் ட்ரிப்பன்ஹௌஸ் என்ற மாளிகை. ஆம்ஸ்டர்டாமில் க்ளோஃபனியர்ஸ்பர்க்வால் என்ற கால்வாய்க் கரை, 29-ம் எண். அங்கிருந்து நியூமார்க்ட் சதுக்கம் பேசிக்கொண்டே நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதைத் தாண்டினால் பழைய யூதர் குடியிருப்பு. 1941 பிப்ரவரியில் அந்தப் பகுதியை முள்கம்பி போட்டு அடைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் நகரமே வேலைநிறுத்தம் செய்தது, அதை அடித்து ஒடுக்கினார்கள். 1942 கோடையில் ரயில்கள் புறப்படத் தொடங்கின. நாட்டில் சுமார் 1,40,000 யூதர்கள். திரும்பி வராதவர்கள் 1,00,000-க்கு மேல்.

இப்போது மொழியியல் கேள்வி கேட்கிறேன். அந்தத் தெருக்களுக்கு ஒரு பேச்சு இருந்தது. யித்திஷ் சொற்கள் கலந்த ஆம்ஸ்டர்டாம் பேச்சு. ஆம்ஸ்டர்டாம்காரர்கள் இன்றைக்கும் தங்கள் ஊரை 'மோக்கும்' என்கிறார்கள், அதிர்ஷ்டத்துக்கு 'மஸல்' என்கிறார்கள். இரண்டும் அங்கிருந்து வந்தவை. நாட்டில் எங்கேயோ ஒரு மூலைக் கிராமத்து வாத்தியாருக்குப் படிவம் போட்டவர்கள், கூப்பிடு தூரத்தில் ஒரு வழக்கு ஆளோடு சேர்ந்து அழிந்துகொண்டிருந்தபோது எந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள்?

நெல்லைக்குறும்பு
புதன், இரவு 11.20

…

ஏட்டுச்சுவடி
வியாழன், காலை 5.50

இரவு தூங்கவில்லை. சுழியத்தின் பதிவுதான் காரணம்.

என் துறையின் குருட்டுப் புள்ளி அது. ஐரோப்பாவில் வட்டார வழக்கு ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து தேடியது 'கலப்பில்லாத' பேச்சை. படிக்காத, ஊரைவிட்டு நகராத, வயதான விவசாயி. நகரத்துப் பேச்சு என்றால் கெட்டுப்போன பேச்சு என்று ஒரு எண்ணம். இத்தனைக்கும் பேச்சு மாறியதே நகரத்தால்தான் என்று க்ளூக்கே காட்டியிருந்தார். நைமேகனில் ஃபான் ஹின்னெகன் என்ற ஏசுசபைப் பாதிரியார் ஒருவர் பெரிய டச்சு மொழியியலாளராக இருந்தார், 1945-ல் இறந்தார். அவர் நாஜி இல்லை. ஆனால் ஒலிப்புப் பழக்கம் பரம்பரையாக ரத்தத்தில் வரும் என்று நம்பினார், எழுதினார். நைமேகன் பல்கலைக்கழகமோ, 1943-ல் மாணவர்களிடம் விசுவாசப் பத்திரம் வாங்கச் சொன்னபோது முடியாது என்று நின்ற இடம். ஒரே ஊரில் இரண்டும் இருந்திருக்கின்றன.

ஒரு சிறு திருத்தம் மட்டும். மேர்டன்ஸின் அலுவலகத்தில் 1939-ல் வேலைக்குச் சேர்ந்த யோ தான் என்ற பெண், போர் முடிந்த சில வருடத்தில் ஆம்ஸ்டர்டாம் மக்கள் பேச்சைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். நெதர்லாந்து யித்திஷுக்கு ஹார்டோக் பேம் என்ற யூத ஆசிரியர் ஒரு சிறு அகராதி தொகுத்தார். 1967-ல் வந்தது. அதன் தலைப்பு 'ஒரு மொழியின் மிச்சங்கள்'. இரண்டும் பிறகு வந்தவைதான். உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை என்று தெரியும்.

அடவி
வியாழன், காலை 9.30

முதல் பதிவில் 'பெரிய விஷயம்' என்று எழுதியதிலிருந்து பாதி பின்வாங்குகிறேன். மீதிப் பாதியை ஊர்க் தீவுக்காகப் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

ஊர்க்கை ஏன் ஆராய்ந்தார்கள்? 1932-ல் ஸைடர்ஸே என்ற உள்கடலை முப்பது கிலோமீட்டர் அணை போட்டு அடைத்துவிட்டார்கள். உள்ளே தண்ணீரை இறைத்துப் புது நிலம் எடுக்கும் திட்டம். 1939 அக்டோபர் 3 அன்று புது அணை வந்து சேர்ந்தது, ஊர்க் தீவு தீவாக இல்லாமல் போனது. நூற்றாண்டுகளாகத் தனியாகக் கிடந்த ஒரு பேச்சு, ஒரு உடை, ஒரு குடும்பமுறை எல்லாம் இனிக் கரைந்துவிடும் என்பதால் அவசர அவசரமாக அளந்தார்கள். 1942-ல் புத்தகம் வந்தது. அதே 1942 செப்டம்பரில் ஊர்க்கைச் சுற்றியிருந்த கடல்தரை வறண்டு நிலமானது. வடகிழக்குப் போல்டர் என்று பேர்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. புது நிலத்தைச் சீர்படுத்த ஆயிரக்கணக்கில் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். உணவு உற்பத்தி என்பதால் ஜெர்மானியரும் கண்டுகொள்ளவில்லை. கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்குப் போகாமல் ஓடி ஒளிந்தவர்கள், மாணவர்கள், தேடப்பட்டவர்கள் எல்லாரும் அங்கே போய் மண்வெட்டியைப் பிடித்தார்கள். போல்டரின் முதலெழுத்துகளுக்கு 'நெதர்லாந்தின் ஒளிந்திருப்போர் சொர்க்கம்' என்று கிண்டலாக விரிவு சொன்னார்கள். பதிவு செய்யப்போன தனிப் பேச்சைச் சுற்றி, நாட்டின் எல்லா வட்டார வழக்குகளும் வந்து குழி வெட்டிக்கொண்டிருந்தன.

யோ தான் எடுத்துக்கொண்டது வீரிங்கன், அதுவும் முன்னாள் தீவு. அதை ஒட்டி 1930-ல் எடுத்த புது நிலத்தை 1945 ஏப்ரல் 17 அன்று, தோல்விக்கு மூன்று வாரம் முன்னால், ஜெர்மானியர் அணையை உடைத்து முழுக்கினார்கள். 1950-ல் தன் ஆய்வேட்டை முடித்தார் அவர்.

நெல்லைக்குறும்பு
வியாழன், காலை 10.05

நானும் ஏதாவது உருப்படியாகச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. கேள்வி: கக்கூசு டச்சுச் சொல் என்கிறார்களே. 'கக்' என்றால் நமக்கே தெரியும், 'ஹாய்ஸ்' என்றால் வீடு. அப்படியானால் 'கக்காய்ஸ்' என்றல்லவா வந்திருக்க வேண்டும்? டீச்சரின் எலிக்கோட்டில் இது எங்கே விழுகிறது?

மட்டுறுத்துநர்
வியாழன், காலை 10.30

தலைப்பை ஒட்டியே இருப்பதால் விட்டுவிடுகிறேன். சிரித்துவிட்டேன் என்பதும் ஒரு காரணம்.

ஏட்டுச்சுவடி
வியாழன், மாலை 6.45

குறும்பு, இந்த இழையிலேயே நல்ல கேள்வி உன்னுடையது. கூடவே 'துட்டு' என்பதையும் வை. 'டாய்ட்' என்று இன்று சொல்லப்படும் டச்சுச் செப்புக்காசு அது. இரண்டிலும் தமிழில் உகரம்தான். மலாயிலும் கழிவறை 'ககுஸ்'. ஆக, கப்பலேறி வந்தவர்கள் வாயில் ஈருயிர் இல்லை, பழைய ஒலி இருந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது. உதட்டைக் குவித்துச் சொல்லும் அந்த 'ஈ' தமிழில் இல்லாததால் நாம் அதை 'ஊ' ஆக்கியிருக்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமிலேயே எளிய மக்கள் பேச்சு எல்லாம் மாறி முடிந்திருக்கவில்லை. இரண்டு சொல்லை வைத்து மாலுமி எந்த ஊர் என்று சொல்ல நான் துணிய மாட்டேன்.

பனைமரக்காட்டின் கேள்விக்கும் வருகிறேன், ஊர்கள் கலந்தால் பேச்சு என்னவாகும் என்பது. 1939-ல் மேர்டன்ஸின் அலுவலகம் அனுப்பிய படிவத்தில் ஒரு எளிய கேள்வி இருந்தது: உங்கள் பக்கத்தில் எந்தெந்த ஊரில் உங்களைப் போலவே, அல்லது கிட்டத்தட்ட உங்களைப் போலவே பேசுகிறார்கள்? பேராசிரியர் பிரிக்காமல், பேசுகிறவர்களே பிரிப்பது. அந்தப் பதில்களை வைத்து ஊருக்கு ஊர் அம்புக்குறி போட்டு, அம்பு போகாத இடத்தை எல்லையாகக் கொண்டு, முப்பது வருடம் கழித்து 1969-ல் யோ தான் நாட்டின் வட்டார வழக்கு வரைபடத்தை வெளியிட்டார். போருக்கு முந்தைய வாத்தியார்களின் பதில்கள். வால்ஹரன் மூழ்குவதற்கு முன், ஆம்ஸ்டர்டாமில் முள்கம்பி போடுவதற்கு முன், மக்கள் யாரைத் 'நம்மைப் போலப் பேசுகிறவர்' என்று நினைத்தார்கள் என்பது அதில் உறைந்து கிடக்கிறது.

சுழியம்
வியாழன், இரவு 8.00

அந்தப் படிவத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

பனைமரக்காடு
ஞாயிறு, மாலை 4.15

டீச்சர் எழுதினதைப் படித்துவிட்டு இன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கிழவரிடம் போனேன். 1936-ல் வெஸ்ட்கபெல்லப் பக்கத்து ஊரில் பிறந்தவர். தண்ணீர் வந்தபோது எட்டு வயது. அந்த 1939 கேள்வியை அப்படியே கேட்டேன், உங்களைப் போலக் கதைக்கிற ஊர் எது என்று. ஒரு ஊரும் இல்லை என்றார். அடுத்த ஊர்? அவங்கள் கதைக்கிறது வேறை. அதற்கடுத்தது? அது ஒரு பேச்சா என்று கையை வீசினார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மிடில்பர்க்கில் ஒதுங்கியிருந்தபோது சேர்ந்து விளையாடின பிள்ளைகளின் பேச்சு இன்னும் தன்னட்டை இருக்கிறது, மனுசி அதைச் சொல்லிச் சிரிப்பா என்றார்.

குறும்புத் தம்பிக்காகக் கடைசியில் அதையும் கேட்டேன். ஸேலாந்தில் சொல் முதலில் வருகிற 'ஹ' விழுந்துவிடும், வீட்டை 'யூஸ்' மாதிரித்தான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கோடியில் இருந்த அந்தச் சின்ன வீட்டுக்கு என்ன சொல்வீர்கள் என்றேன். மனுசி உள்ளே இருக்கிறாவா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அம்மா முற்றத்தில் நின்று கூப்பிட்ட மாதிரி இருந்தது.